மயில் இல்லாத கத்தி

காய்ந்த தோசைக்கல்லில் மருமகள் தண்ணீர் தெளித்தாள். ‘சுர்ர்’ என்றதும் என் மூச்சு நின்றுவிட்டது. இந்த வயதிலும் அப்படித்தான்.

1950களில் மலையாள எல்லையோரக் கோபாலபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது அப்பாவின் கொல்லுப்பட்டறை. கத்தியைக் காய்ச்சும்போது நடுப்பகலிலும் கதவைச் சாத்திவிடுவார். இருட்டில்தான் இரும்பின் நிறம் தெரியும். அம்மா துருத்தி ஊதுவாள். யாரும் பேசக் கூடாது. தண்ணீரில் முக்கியதும் ‘டிக்’ என்று கேட்டால் கத்தி விரிசல் விட்டுவிட்டது என்று பொருள்.

பாளை சீவ மரமேறி ஒருவர் கேட்ட கள்ளுக் கத்தி அந்த வாரம் இரண்டு முறை அப்படிப் போயிற்று. மிச்சம் இருந்தது லாரிப் பட்டா என்ற வில்லிரும்பின் கடைசித் துண்டு.

உலையில் பழுத்த கத்தியை அப்பா உருவியபோது கங்கு ஒன்று தெறித்து என் புறங்காலில் விழுந்தது. எனக்கு எட்டு வயது. பாவாடையைக் கடித்துக்கொண்டேன். கத்தி தண்ணீரில் இறங்கியது: ‘சுர்ர்.’ கண்ணை மூடி, தொட்டியோரம் காதை வைத்திருந்தார் அப்பா. ‘டிக்’ வரவேயில்லை.

“ஏனுங்க, புள்ள காலப் பாருங்க!” அம்மா அலறினாள்.

குடத்துத் தண்ணீரை என் காலில் ஊற்றியபடி அப்பா கேட்டார்: “ஏங்கண்ணு கத்தவே இல்ல?”

“நீங்க சத்தங் கேட்டுட்டு இருந்தீங்கல்லங்கப்பா.”

முடித்த கத்தி ஒவ்வொன்றிலும் பிடியோரம் ஒரு மயில் செதுக்குவார். ஒரு மயில் போல இன்னொன்று நிற்காது. அந்தக் கத்தியை மட்டும் மொட்டையாகக் கொடுத்தார்.

“மயிலக் காணமுங்களே ஆசாரி?” என்றார் மரமேறி.

அப்பா என் புறங்கால் கொப்புளத்தைப் பார்த்தார்.

“என்னாச்சுங்கத்தை?” என்றாள் மருமகள்.

ஒன்றுமில்லை என்று சொல்லி, தழும்பேறிய காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.