மாப்பிள்ளையின் மஞ்சள் கோடும் என் மூன்று மிஸ்டு காலும்

தை மாதம் என் வீட்டுக்காரருக்கு மூன்றாம் வருடத் திதி. மாப்பிள்ளையை நேரில் போய் அழைக்காவிட்டால் தானும் வரமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தப் பயணம்.

வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த காலையில் மகள் வெளியூரில் இருந்தாள். நாலு தெரு தள்ளிக் காரோடு இருந்த மாப்பிள்ளைக்கு நான் போன் செய்தது எட்டு பத்து, எட்டு பதினாலு, எட்டு இருபது. அவர் திருப்பி அழைத்தது ஒன்பதே முக்காலுக்கு. அதற்குள் உயிர் போயிருந்தது. அன்றோடு அவரிடம் பேச்சை விட்டேன்.

புதன்கிழமை ஏழரைக்கு சிங்காநல்லூரில் டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். காந்திபுரத்தில் முதலில் நின்ற வண்டியின் கண்டக்டரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, பெருந்துறை ஊருக்குள்ள போகுமுங்களா?"

"இது பைபாஸ் வண்டிங்கம்மா. அங்க எறங்கி நடந்தா பொழுது சாஞ்சுரும். பின்னால நிக்குதுங்க, அதுல ஏறிக்குங்க."

எட்டரைக்கு எடுத்தார்கள். சுமார் எண்பது கிலோமீட்டர், டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய், பத்தரைக்கு இறங்கினேன். தொழிற்பேட்டைக்கு ஆட்டோ நூற்றைம்பது.

மாப்பிள்ளை இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறார். பல மில்களின் கம்ப்யூட்டர் இணைப்புகளை ஒரே அறையிலிருந்து கவனிக்கிறார்கள். சுவர் முழுக்கத் திரை, மில்லுக்கு ஒரு கோடு. பச்சை என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. நான் உட்கார்ந்த அரை மணி நேரமும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் தலை தூக்கவில்லை.

"அடிக்குதுங்களே மாப்ளே, பாக்க மாட்டீங்களா?" மூன்று வருடத்தில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"இணைப்புல பாதி நெறஞ்சாலே அடிக்கற மாதிரி வரம்பு வெச்சுட்டோமுங்க அத்தை. நாள் பூரா அடிக்குது, யாரும் பாக்கறதில்லை. போன வாரம் ஒரு மில்லுல நெசமாவே அறுந்துபோச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுதுங்க."

அன்று அதைத்தான் மாற்றிக்கொண்டிருந்தார். இணைப்பு எண்பது சதவீதம் நிறைந்து ஐந்து நிமிடம் விடாமல் நின்றால் மஞ்சள். தொண்ணூற்றைந்தைத் தொட்டால் சிவப்பு, அதற்கு மட்டும் மணி.

"எங்க ஊட்டுலயும் அன்னைக்கு அறுந்துதான் போச்சுங்க" என்றேன்.

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். என் பக்கம் திரும்பி, "மூணையும் பாத்தேனுங்க அத்தை. மூணும் ரெண்டு ரிங்குல கட்டாயிருச்சு. பால் வாங்குனா, கோயிலுக்குப் போயிட்டு வந்தா, எல்லாத்துக்கும் நீங்க அதே ரெண்டு ரிங்குதானுங்களே. எப்பவும் வர்றதுன்னு உட்டுட்டேன். தப்பு என்னுதுதானுங்க" என்றார்.

காசு மிச்சம் பிடிக்கப் பழகிய விரல் அன்றைக்கும் ரெண்டாவது ரிங்கில் தானாகவே கட் பட்டனை அழுத்தியிருக்கிறது. நிமிடத்தை மறக்காத எனக்கு அது நினைவில் இல்லை.

வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு எழுந்தேன். மாலை நாலரைக்கு வீடு வந்ததும் மிஸ்டு கால் கொடுக்கவில்லை. அவர் எடுக்கும்வரை அடிக்கவிட்டேன்.

"அத்தை, என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லீங்க. எடுக்கறீங்களான்னு பாத்தேன்."

பெருந்துறை போகிறவர்கள் ஊருக்குள் போகும் பஸ்ஸா என்று ஏறும் முன்பே கேளுங்கள். வீட்டில் எந்த அழைப்பு எதற்கு என்பதையும் கையோடு பேசி வையுங்கள். நாங்கள் பேசி வைக்கவில்லை.

எட்டு பத்தை நான் மறக்கப்போவதில்லை. திதியன்று முதல் பந்தியில் மாப்பிள்ளைக்கு நானே இலை போட்டேன்.