ஆரன் அடிக்காத டெம்போ

சாமுவேல் டெம்போவை ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். இதைச் சொன்னால் அவனே சிரிப்பான். என்னைவிடச் சின்னவன், அதனால் அவன் இவன் என்றுதான் சொல்வேன்.

முசரவாக்கத்துக்காரன். அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டே முதுகு வளைந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுப் பாடுவார்கள், திங்கட்கிழமை மறுபடி சேற்றில் இறங்குவார்கள். இவன் ஒருத்தன்தான் எனக்கு இது வேண்டாம் என்று காஞ்சிபுரத்துக்கு நடந்தே வந்து, வீராசாமியின் காய்கறி மண்டியில் மாட்டுவண்டி ஓட்டச் சேர்ந்தான். அறுபத்து மூன்று, நாலாம் வருஷம் இருக்கும்.

அதற்கு முன்பெல்லாம் ஓட்டல்காரர்கள் தாங்களே சாக்கை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். புருஷன் போன பிறகு பெரிய காஞ்சிபுரத்தில் நான் சாப்பாட்டுக்கடை போட்டேன். பூசணிக்காயைத் தலையில் சுமந்து வந்து, அதை நறுக்கி, சாம்பார் வைத்து முடித்த பிறகு, சாப்பிட வருகிறவனிடம் சிரித்துப் பேச யாரால் முடியும்? நான் பேசியதில்லை. பட்டுப்புடவை வாங்க வெளியூர் ஆட்கள் வர வர, ஓட்டல்கள் பெருகின. நீங்கள் வர வேண்டாம், சரக்கை நாங்களே அனுப்புகிறோம் என்றார்கள் மண்டிக்காரர்கள். முதலில் மாட்டுவண்டி, அப்புறம் மூன்று சக்கர டெம்போ. சாமுவேல் மாட்டை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தான்.

பெரிய ஓட்டல்களில் அவனைப் பின்சந்துக்குத்தான் வரச் சொல்வார்கள். சாக்கடை ஓரம் மூட்டையை இறக்கிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அவன் என்ன சாதி என்று ஊருக்கே தெரியும். என் கடைக்குப் பின்வாசலே கிடையாது. இருந்த ஒரே வாசல் வழியாக நேரே அடுப்படிக்கு வருவான்.

தள்ளிய கதை இதுதான். எங்கள் ஊர் நெசவுத் தெருக்களில் காலையில் பாவு நீட்டியிருப்பார்கள். புடவையின் நீளத்துக்கு ஓட வேண்டிய பட்டு இழை அத்தனையையும் தெரு நடுவில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். ஈரப் பாவில் தூசியோ புகையோ படிந்தால் ஒரு குடும்பத்தின் உழைப்பு போயிற்று. சாமுவேல் தெருமுனையிலேயே என்ஜினை அணைத்துவிடுவான். ஆரனைத் தொடமாட்டான். இறங்கி வந்து, "பாவு காஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்பான். காயவில்லை என்றால், கூட வரும் சுமைக்காரன் தர்மன் பின்னால் தள்ள, இவன் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் தோள்கொடுத்துத் தள்ளுவான். ஓரத்தில் இடமில்லாவிட்டால் ஊரைச் சுற்றிக்கொண்டு வருவான்.

"லைசென்சு எடுத்தது ஓட்றதுக்காடா, தள்றதுக்காடா?" என்று வீராசாமி கேட்பார்.

"ரெண்டுக்கும்தான் மொதலாளி."

வீராசாமிக்குப் பொறுக்கவில்லை. புது டெம்போ வந்ததும் அதற்கு வேகமான ஆளாகப் பார்த்து வைத்துக்கொண்டு, பாக்கிச் சம்பளத்துக்குப் பதில் பழைய வண்டியை இவன் தலையில் கட்டினார். "இத்த வச்சிக்கினு ஆயுசுக்கும் தள்ளு" என்றார்.

சாமுவேல் அதைப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டி, எப்படியோ உறுமவைத்தான். தர்மனையும் சேர்த்துக்கொண்டு, கிராமங்களில் நேரே காய் எடுத்து ஓட்டல்களுக்குத் தானே போடுவது என்று இறங்கினான். நான் வாங்கினேன். இன்னும் இரண்டு சின்னக் கடைகள் வாங்கின. அது டீசலுக்கே சரியாகப் போயிற்று. ராஜகோபால் ஓட்டல் கிடைத்தால்தான் பிழைப்பு. ஊரிலேயே பெரிய ஓட்டல் அது. பெருமாள் கோயில் கருட சேவைக்கு வரும் கூட்டத்தில் பாதி அங்கேதான் சாப்பிடும். அவன் பெண்டாட்டி மரியம்மாள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "கருட சேவைக்குள்ள அந்த ஓட்டலு கெடைக்கலன்னா வண்டிய எடைக்குப் போட்டுட்டு வா. நடவுக்கு ஆளு கூப்பிட்டுக்கினு இருக்காங்க."

போய்க் கேட்டான். ராஜகோபால் கல்லாவிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னாராம்: "உன் ஓட்டை டெம்போவ நம்பிக் கருட சேவைய வச்சுக்க முடியுமாப்பா? பட்டணத்துக் கொத்தவால்சாவடி மார்க்கெட்லேர்ந்து எனக்கு லாரியே வரப்போறது."

கருட சேவைக்கு முந்தின நாள் காலை என் கடைக்கு வந்தபோது டெம்போ வழிய வழியக் காய்.

"இதெல்லாம் யாருக்குடா?"

"ராஜகோபால் ஓட்டலுக்குக்கா."

"அவரு கேக்கவே இல்லியே. பைத்தியமா புடிச்சிருக்குது?"

"அந்த லாரி வந்து சேராதுக்கா. பெரிய ரோடு பூராப் பந்தலும் ஜனமும். நெசவுத் தெரு வழியாத்தான் வரணும். நாளைக்கு ஒரு தறியும் ஓடாது, அதனால எல்லா வூட்டுப் பாவும் இன்னிக்கே தெருவுல கெடக்குது."

"அப்போ நீ மட்டும் பறந்து போவியா?"

"எனக்கும் வழி இல்லதான். கேட்டுப் பாக்குறேன்" என்றான்.

அடுப்பை வேலைக்காரியிடம் விட்டுவிட்டுக் கூடவே நடந்தேன். எனக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும்.

தெருமுனையில் லாரி நின்றுகொண்டு ஆரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பாவுக்கு முன்னால், அதற்குச் சொந்தக்காரி ரேணுகாம்பாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். கஞ்சி போட்ட கை இன்னும் காயவில்லை.

"ஊதுப்பா, நல்லா ஊது. உன் ஆரனுக்குப் பயந்து பாவு எழுந்து ஓடுதான்னு பாப்போம்" என்றாள்.

"ரோடு என்ன உங்க அப்பன் வூட்டு சொத்தா?" என்றான் லாரிக்காரன்.

"எங்க அப்பன் மட்டும் இல்லப்பா, அவங்க அப்பனும் இங்கதான் பாவு போட்டாரு. நீ நேத்து வந்தவன்."

சாமுவேல் லாரிக்குப் பின்னாலேயே என்ஜினை அணைத்தான். இறங்கி வந்து, வழக்கம்போல, "பாவு காஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டான்.

"காயல" என்றாள் ரேணுகாம்பாள். டெம்போவை எட்டிப் பார்த்தாள். "இம்மாங் காயும் எங்கப்பா போவுது?"

"ராஜகோபால் ஓட்டலுக்கு. இத்தப் போட்டாத்தான்மா வண்டி எனக்கு. இல்லன்னா எடைக்குத்தான்."

அவள் ஒரு நொடி அவனைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பி, "யோவ், கட்டய அவுருங்க. பாவ ஓரம் புடிங்க" என்று குரல் கொடுத்தாள்.

நான் பிறந்து வளர்ந்த ஊரில் ஈரப் பாவை வண்டிக்காக யாரும் நகர்த்திப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். அந்தக் கோடியிலும் இந்தக் கோடியிலும் கட்டையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் பெண்கள் கோல் கொடுத்துத் தாங்கினார்கள். இழுப்புத் தளராமல் எல்லாரும் ஒன்றாகப் பக்கவாட்டில் நகர்ந்து சுவரோரம் போய் நின்றார்கள். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் டெம்போவை நுழைத்து, சாமுவேலும் தர்மனும் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். அடுத்த வீட்டார் இதைப் பார்த்துத் தங்கள் பாவையும் ஓரம் பிடித்தார்கள். இப்படியே தெருக்கோடி வரை போனோம்.

லாரிக்காரன் அவசரமாக வண்டியைக் கிளப்பினான். அதற்குள் பாவு மறுபடி நடுத்தெருவுக்கு வந்துவிட்டது.

"எனக்கும் நகத்துங்கம்மா" என்றான்.

"காயட்டும்பா" என்றாள் ரேணுகாம்பாள்.

ராஜகோபால் ஓட்டலில் சமையல்காரர்கள் நறுக்க ஒன்றுமில்லாமல் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ராஜகோபால் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். டெம்போவைப் பார்த்ததும் படியிறங்கி வந்தார்.

"உள்ள கொண்டா, உள்ள கொண்டா."

சாமுவேல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றான். "முன்னாடியாங்க, பின்னாடியாங்க?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பின்சந்துக்குச் சுத்திக்கினு போவணும்னா நேரம் ஆவும் சாமி" என்றேன்.

ராஜகோபால் என்னை முறைத்தார். வாசலில் இலைக்காகக் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். "முன்னாடியே வாப்பா" என்றார்.

சாப்பிடுகிறவர்கள் உட்காரும் கூடத்தின் நடுவே சாமுவேல் நிமிர்ந்து நடந்து போனான். கடைசி மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, "நாளைலேர்ந்து தெனமும் நீயே போட்டுடு" என்றார் ராஜகோபால்.

"முன்னாடி வழிதானே சாமி?" என்று கேட்டுவிட்டுத்தான் சரி சொன்னான்.

அந்த ஓட்டலைப் பார்த்து மற்ற ஓட்டல்களும் வந்தன. மரியம்மாள் நடவுக்குப் போகவில்லை. டெம்போவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து காய் எடுக்கப் போனாள். அடுத்த வருஷம் இன்னொரு டெம்போ வாங்கினான். எல்லா வண்டியிலும் பின்னால் ஆரன் அடி என்று எழுதியிருக்கும். இவன் இரண்டு வண்டியிலும் உள்ளே, ஸ்டீயரிங்குக்கு முன்னால், ஓட்டுகிறவன் கண்ணில் படுகிற மாதிரி, அடிக்காதே என்று எழுதிவைத்தான்.