நான்காவது மாடியில் சிரித்தவள்

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. மனிதர்களை அவருக்கு மாடி வாரியாகத்தான் தெரியும். மூன்றாவது மாடி வக்கீல், ஆறாவது மாடி நாய்க்காரம்மா, தரைத்தளத்து வாட்ச்மேன். அவர்களே கடைத்தெருவில் எதிரே வந்து சிரித்தால் யாரென்று தெரியாமல் விழிப்பார். ஒருமுறை வங்கி வரிசையில் நின்ற சொந்த மச்சானிடம், "சார், பேனா இருக்குங்களா?" என்று கேட்டு வாங்கி, படிவத்தை நிரப்பி, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். மச்சான் ஆறு மாதம் பேசவில்லை.

விசேஷ வீடுகளில் மனைவி பக்கத்தில் இருந்தால் தப்பித்துவிடுவார். யாராவது நெருங்கி வரும்போதே, "உங்க சின்னம்மா பொண்ணோட வீட்டுக்காரர்" என்று காதோரம் சொல்லிவிடுவாள். அவள் அதிகம் பேசாதவள். சொல்வது சுருக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

அவள் முன்பு ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். அந்த மேசையில் பாதிப் பேர் காது கேளாத பெண்கள். அவர்களிடம் சைகைமொழி கற்றாள். தொழிற்சாலையை மூடிய பிறகு முறையாகப் படித்து, பரீட்சை எழுதி, காது கேளாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய்க்கொண்டிருந்தாள். இதையெல்லாம் அவரிடம் சொல்லியும் இருந்தாள். "நல்லது, போ" என்று அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லியிருந்தார். எங்கே போகிறாள், யாரோடு போகிறாள் என்று கேட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் அதுவரை போகாத ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. நான்காவது மாடியில் லிஃப்ட் கதவு மூடவில்லை. போய்ப் பார்த்தார். கதவு ஓடும் பள்ளத்தில் தூசியும் நூலும் அடைத்திருந்தன. குந்தி உட்கார்ந்து பிரஷ்ஷால் சுரண்டத் தொடங்கினார்.

எதிரே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கூடம். உள்ளே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடி தடிமனானது போலிருக்கிறது, பேச்சு வெளியே கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். அவள் சொல்லச் சொல்ல அவள் புருவம் ஏறியது, கன்னம் உப்பியது, தோள் குலுங்கியது, கைகள் காற்றில் எதையோ பிடித்துப் பிடித்து விட்டன. முப்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற நெட்டையான ஒருவன் அவள் தோளைத் தட்டி ஏதோ காட்ட, மறுபடியும் சிரித்தாள்.

அவர் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இப்படி ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறவன் எவனோ, கொடுத்து வைத்தவன் என்று தோன்றியது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் இந்த முகம் கதவைத் திறக்கும். நம் வீட்டில் திறக்கும் முகம் நினைவுக்கு வந்தது. பார்த்தே இராத அந்தப் புருஷன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற நெட்டையன்தான் அவனாக இருக்கும் என்று முடிவு செய்து, அவன் மேலும் கொஞ்சம் எரிந்தார்.

கூட்டம் கலைந்தது. அந்தப் பெண் நேராக லிஃப்ட்டை நோக்கி வந்தாள், பின்னால் நெட்டையன். அவர் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கங்க மேடம். இப்ப சரியாயிரும்."

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்னங்க, நான்தான்" என்றாள்.

அவருக்குப் புரியவே சில நொடிகள் ஆயின. நெட்டையன் இது யார் என்பதுபோல் கையை ஆட்டினான். அவள் கையாலேயே பதில் சொன்னாள். அவன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தான். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உள்ளே இருந்து பேச்சு கேட்காததற்குக் காரணம் கண்ணாடி இல்லை. நெட்டையனுக்குக் காது கேட்காது. அவளைத் தவிர அங்கே இருந்த யாருக்கும் கேட்காது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இதுவரை யாரோ ஒரு புருஷன் மேல் இருந்த எரிச்சல் வட்டம் போட்டுத் திரும்பி நெட்டையன் தலையில் வந்து உட்கார்ந்தது. நெட்டையனுக்குக் கிடைக்கிற முகம் தனக்கு ஏன் கிடைக்கவில்லை? பதினாறு வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறவன் யார், அவனா தானா?

மனைவி சமையலறையில் சர்க்கரை டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்து, அடுப்பு ஒரு பக்கம் எரிய, திரையைப் பார்த்துக் கையசைப்பது வழக்கம். முன்பு அதைப் பாடம் படிக்கிறாள் என்று நினைத்துக் கடந்து போவார். இப்போது தண்ணீர் குடிக்கிற சாக்கில் நாலு தடவை உள்ளே போனார். திரையில் நெட்டையன் இருந்தான். வாயால் பேசியிருந்தால் ஒட்டுக் கேட்டாவது தொலைக்கலாம். இங்கே காது இருந்தும் பிரயோசனம் இல்லை. "சோறு குழைஞ்சு போச்சு" என்று கத்தினார். சோறு நன்றாகத்தான் இருந்தது.

எட்டாவது படிக்கும் மகளும் சாப்பாட்டு மேசையில் அம்மாவோடு இரண்டு கையசைத்துவிட்டு அடக்கமாகச் சிரித்தாள். உனக்கு இது எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். மூன்று வருஷமாகத் தெரியும் என்றாள் மகள். பிறகு, "நீங்க கேட்டதே இல்லையேப்பா" என்றாள். மகள் மேலும் பொறாமை வந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் வந்தது.

தன் பராமரிப்பில் இருந்த நல்ல கட்டடம் ஒன்றைக் கூட வேலை பார்க்கும் கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்து அந்த ஐந்து மாடிக் கட்டடத்தை வாங்கிக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் போய், கெடாத கதவைக் கழற்றி மாட்டினார். "அந்த லிஃப்ட்டுக்கு உன்னை விட்டா வேற நாதி இல்லையா?" என்று கூட்டாளி கேட்டான். அவர் குந்தியபடியே கண்ணாடி வழியாக நெட்டையன் எத்தனை தடவை அவள் தோளைத் தட்டுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காதவரைக் கூப்பிட அங்கே எல்லாரும் எல்லாரையும் தோளில்தான் தட்டினார்கள். அது அவர் கண்ணில் படவில்லை.

மூன்றாவது வாரம் நகரத்தின் இன்னொரு மூலையிலிருந்து அவசர அழைப்பு. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே யாரோ மணியை விடாமல் அழுத்துகிறார்கள், ஆனால் பேசும் கருவியில் கூப்பிட்டால் பதில் இல்லை. ஏதோ குறும்புக்காரப் பிள்ளைகள் வேலை என்று வாட்ச்மேன் முக்கால் மணி நேரம் சும்மா இருந்திருக்கிறான். அவர் வாட்ச்மேனைத் திட்டிவிட்டு மேலே ஓடி, லிஃப்ட்டைக் கையால் இறக்கிக் கதவைத் திறந்தார்.

மூலையில் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டை வியர்வையில் ஊறி உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "ஒண்ணுமில்லை தம்பி, ஒண்ணுமில்லை. வெளிய வந்தாச்சு" என்று முதுகைத் தடவினார். அவன் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அவரும் விடவில்லை. பாவம், என்ன தவிப்புத் தவித்தானோ என்று இரக்கப்பட்டார்.

மூச்சு சீரானதும் அவன் தன் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினான். பிறகு எழுந்தான். எழுந்துகொண்டே போனான். அந்த உயரத்தைப் பார்த்த பிறகுதான் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். நெட்டையன்.

அவனுக்கு அவரை முன்பே தெரிந்திருந்தது. பிரஷ்ஷால் சுரண்டுவதுபோல் கையை ஆட்டி, கண்ணை அகல விரித்துக் காட்டினான். அது ஒரு கிண்டலா, வணக்கமா என்று அவருக்குப் புரியவில்லை. அவன் செல்போனில் எழுதிக் காட்டினான்: "எங்கள் கூட்டத்தில் இந்தச் சைகைதான் உங்கள் பெயர். உங்கள் மனைவி வைத்தது. உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்."

போனை வாங்கி அவர் எழுதினார்: "என்ன சொன்னாள்?"

அவன் ஏதோ எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான்: "அவரிடமே கேளுங்கள்." கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படியில் இறங்கிப் போனான்.

அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னைப் பத்தி அவன்கிட்ட என்ன சொல்லி வச்சிருக்கே?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை அவர் வாயால் கேட்டுக்கொண்டாள். மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் குந்தி உட்கார்ந்தாள். இல்லாத பிரஷ்ஷால் தரையைச் சுரண்டினாள். தலையைத் தூக்கினாள். அவள் முகம் மாறியது. வாய் லேசாகத் திறக்க, கண் விரிய, கிடைக்காத ஒன்றைப் பார்க்கிறவன் முகம் அது. பிறகு எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொள்வதுபோல் செய்து, மரியாதையாகத் தலையைக் குனிந்தாள். அதில் அவர் தன்னையே பார்த்தார்.

"இதைத்தான் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க" என்றாள்.

அவள் மறுபடி துணியை எடுத்தாள். மடித்துக்கொண்டே சொன்னாள்.

"பதினாறு வருஷத்துல ஒரு தடவை அப்படிப் பாத்தீங்க. அதுவும் வேற எவளோன்னு நெனச்சு. அந்த மேடத்து மேல எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடித்தார். தப்பாக மடித்தார். அவள் அதைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமையிலிருந்து அவர் சைகைமொழி ஆரம்ப வகுப்புக்குப் போகிறார். வகுப்பு எடுப்பவன் நெட்டையன்தான். பத்துப் பேரில் அவர்தான் கடைசி. லிஃப்ட்டில் திருகு முடுக்கிய விரல்கள் வளைய மறுக்கின்றன. பக்கத்தில் உட்காரும் கல்லூரிப் பெண் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வதைப் பார்த்தால் அவள் மேலும் எரிச்சல் வருகிறது. மனைவியும் நெட்டையனும் வேகமாகப் பேசிக்கொள்ளும்போது பத்தில் ஒரு சொல் பிடிபடுகிறது. மற்ற ஒன்பதும் என்ன என்று அவர் இன்னும் வெந்துகொண்டுதான் இருக்கிறார். ஆனால் இப்போதெல்லாம் அவளிடமே கேட்டுவிடுகிறார், அவளும் சொல்லிவிடுகிறாள். பெரும்பாலும் அது கூடத்து வாடகையைப் பற்றியோ, மின்விசிறி ஓடாததைப் பற்றியோதான் இருக்கிறது.