செல்லம்மா அக்காவின் ஒன்பது

போன வாரம் ஹட்டனில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் பழைய கம்ப்யூட்டரில் என் பில்லைத் தேடினார். திரையில் படிவத்தின் அடியில் சின்னப் பெட்டி: ‘14 / 212’. சூடேறிய மொனிட்டரின் தூசி வாசம் வேறு. அவ்வளவுதான், நினைவில் நான் லிந்துலைக்குப் போய்விட்டேன்.

கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை அங்கேதான். மண்சரிவு அபாயமுள்ள லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கும் குடும்பங்களுக்குத் தனி வீடு கட்டும் திட்டம். அவர்களின் விபரங்களுக்கு டேட்டாபேஸ் செய்வது என் பொறுப்பு. எத்தனையில் எத்தனையாவது பதிவு என்கிற எண், மென்பொருளிலேயே ஒரு மூலையில் பொடியாக வரும். எனக்கு அது போதுமா? அதை மறைத்துவிட்டு, நானே கோட் எழுதி, படிவத்தின் தலையில் சிவப்பில் கொட்டை எழுத்தில் வைத்தேன். கிரிக்கெட் ஸ்கோர் பலகை மாதிரி இருக்கும். அதில் அப்படியொரு பெருமை எனக்கு.

பெயர் சரிதானா என்று பார்க்க வருகிறவர்களுக்கு மொனிட்டரைத் திருப்பிக் காட்டுவேன். அப்படி வந்த செல்லம்மா அக்கா, பெயரைப் பார்க்கவில்லை, சிவப்பைத்தான் பார்த்தார். ‘9 / 60’. லயத்தில் அவர் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. முதற் கட்டத்தில் பாதிப் பேருக்குத்தான் வீடு. மற்றவர்கள் அடுத்த மழையையும் லயத்திலேயே கழிக்க வேண்டும்.

"ஒம்பதா புள்ள? அப்ப நமக்குக் கெடச்சிரும்."

நானும் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்றும் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து அடையாள அட்டைப் பிரதியோடு வந்தார். கூடவே பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா. இடையில் பதிவுகளை லய இலக்கப்படி அடுக்கியிருந்தேன். மொனிட்டரைத் திருப்பினேன். ‘58 / 60’.

"யார முன்னுக்குப் போட்டீங்க?" செல்லம்மா அக்காவின் குரல் உயரவேயில்லை.

"காலையில வேலைக்குப் பேர் பதியிற பெரட்டுக்கே இவ பிந்தித்தானே வருவா. அதான் கடைசியில போட்டுட்டாங்க" என்றார் மாரியாயி அக்கா.

"சும்மா இருடி. மழைக்கு முந்தி புள்ளைகள வலப்பனைக்கு, அவங்க வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எங்கண்ணன் கெஞ்சிச்சு. ஒம்பதுன்னு நம்பித்தானே இங்கயே வச்சிருக்கேன்."

அடுக்கும்போது எதையாவது குழப்பிவிட்டேனா? படிவத்தைக் கீழே தள்ளினேன். வெடிப்பைப் பார்த்துப் போன பொறியியலாளர் சொன்னபடி பதிந்த ‘முதற் கட்டம்’ என்ற பெட்டியில் சரி அடையாளம் பத்திரமாக இருந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

"இங்க பாருங்கக்கா." பெயர்ப்படி அடுக்கினேன்: 24. தலைகீழாக அடுக்கினேன்: 37. "நம்பர் ஓடிக்கிட்டே இருக்கும். இந்தச் சரி அசையாது. வீடு இதுக்குத்தான்."

மாரியாயி அக்காவின் கிண்டல் நின்றது. "எனக்கு?"

அவருடைய பதிவிலும் சரி இருந்தது.

செல்லம்மா அக்கா பாதி நம்பினார். "சரி புள்ள. இருந்தாலும் ஒம்பதுலயே வச்சிருங்க."

பதிந்த வரிசைக்கே திருப்பி, ஒன்பதில் வைத்துக் காட்டினேன். இரண்டு பேரும் படியிறங்கியதும் முதல் வேலையாக அந்தச் சிவப்பு எண்ணை அழித்தேன்.

இப்போது இந்த மாதிரிப் பட்டியல் எல்லாம் போனில். விரலால் தள்ளத் தள்ளப் பெயர்கள் வந்துகொண்டேயிருக்கும், யார் எத்தனையாவது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அதில் துளி வருத்தமில்லை. அந்த லயமும் இன்று இல்லை. எல்லோரும் வெளியேறிய பிறகு வந்த மழையில் மண் இறங்கிப் பின்சுவரைத் தள்ளிவிட்டது. மானாப் புல் ஆளுயரம் வளர்ந்து கிடக்கிறது.

மண் இறங்கிய அன்று, செல்லம்மா அக்கா புது வீட்டில் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாராம்.