ஏழாம் பக்கத்தை விரித்துச் சாப்பிட்டவன்

1. முதல் நாள்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன முதல் நாளே என் முகத்தில் ஒரு பனியன் வந்து விழுந்தது. எறிந்தவர் எங்கள் குவாலிட்டி மேனேஜர். நான் செய்த குற்றம், அவரிடம் போய், "இந்த லாட்டுல நெறைய ஓட்டை இருக்குதுங்க சார்" என்று சொன்னதுதான்.

"நெறையன்னா என்னங்க? எத்தனையில எத்தனை? எண்ணிப்போட்டு வந்து பேசுங்க."

பனியனை எறியும்போதும் அவர் 'ங்க' போடத் தவறவில்லை. எண்ணிப் பார்த்தேன். இருநூறு பீஸில் மூன்று ஓட்டை. லாட் பாஸ் ஆனது, நான்தான் ஆகவில்லை.

பல வருடம் கழித்து அதே நாற்காலிக்கு நான் வந்தபோது, எறியும் பழக்கத்தை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன். யார் எந்தக் குறையைச் சொன்னாலும் "எத்தனையில எத்தனை?" என்பேன். பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த எங்கள் கம்பெனியில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாட்ச்மேன் விழிப்பார். 'எத்தனையில எத்தனை சார்' என்றால் நேராக என் மேஜைக்கே கொண்டுவந்து விடுவார். எனக்கு அதில் உள்ளுக்குள் பெருமை வேறு.

அதற்காக என்னை நேர்மையின் சிகரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மாதம் ஆயிரம் பீஸ் சாம்பிளில் இரண்டு ரிஜெக்ட். அடுத்த மாதம் ஒன்று. "ரிஜெக்‌ஷன் பாதியாகக் குறைந்தது!" என்று நோட்டீஸ் போர்டில் கொட்டை எழுத்தில் ஒட்டினேன். முதலாளி ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். அதற்கடுத்த மாதம் மறுபடியும் இரண்டு ஆகிவிட்டது. "இரண்டு மடங்கானது" என்றா எழுதுவேன்? "ஆயிரத்தில் இரண்டே பீஸ்தான்" என்று எழுதினேன். இரண்டுமே பொய்யில்லை. முதலாளியும் இரண்டுக்கும் தலையாட்டினார்.

2. சிவப்பு அம்பு

துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை எது இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிறிய சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது செக்கிங் பிரிவின் வழக்கம். செக்கிங் பெண்கள் ஒட்டிய அம்பைச் சூப்பர்வைசர் சந்தேகிக்கலாம். நான் ஒட்டினால் மறுபேச்சில்லை. அது நிச்சயமான குறை என்று அர்த்தம்.

செக்கிங்கில் பாக்கியம் என்று ஒரு அம்மா இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கணவர் இல்லை, இவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. கறுப்புத் துணியில் ஊசி முனையளவு ஓட்டையையும் விடமாட்டார். சரக்கு வாங்கும் பையர் வரும் நாளில் அவர் டேபிள் பீஸைத்தான் நான் தைரியமாக எடுத்து நீட்டுவேன்.

ஒரு நாள் காலை பேப்பரின் முதல் பக்கத்தில் இந்தத் தலைப்பைப் பார்த்தேன்: "பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? புற்றுநோய் அபாயம் இரண்டு மடங்கு!" படித்ததும் பதறிவிட்டேன். எனக்குப் பிரஷர் கிடையாது. அதனால் ஊருக்கு அறிவுரை சொல்வதில் தயக்கமும் கிடையாது. துணி சாம்பிள் வெட்டும் வளைவுக் கத்தரியால் செய்தியை அழகாக வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். 'இரண்டு மடங்கு' என்ற இடத்தில் ஒரு சிவப்பு அம்பையும் ஒட்டினேன்.

செய்தியின் அடியில் "7-ம் பக்கம் பார்க்க" என்று இருந்தது. பார்க்கவில்லை. மதியம் அந்த ஏழாம் பக்கத்தையே மேஜையில் விரித்து அதன்மேல் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிட்டேன். அன்று புளிசாதம்.

3. டியூப்லைட்

ஒரு மாதம் போயிருக்கும். பையரின் இன்ஸ்பெக்‌ஷனில் ஓட்டை பீஸாக வந்தது. பார்த்தால் எல்லாம் பாக்கியத்தின் டேபிளில் பாஸ் ஆனவை. சார்ட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

"என்ன பாக்கியம்மா இது? நூத்துக்கு ஒண்ணு தப்பினாலே பெருசு. இப்ப நூத்துக்கு ஆறு! இப்படியே போனா டேபிள் மாத்தச் சொல்லீருவாங்க."

"கண்ணு கொஞ்சம் மங்கலாட்டத் தெரியுதுங்க சார். லைட்டுதான் சரியில்லையோ என்னமோங்க."

நான் எதையும் ஆராய்ந்து முடிவெடுப்பவன் இல்லையா? மெயின்டெனன்ஸுக்குச் சீட்டு எழுதி இரண்டு டியூப்லைட்டையும் மாற்றச் செய்தேன்.

இரண்டாம் நாள் அவர் டேபிள் பக்கம் போனபோது, ஒரு வெள்ளை பனியனில் நாலைந்து அம்பு ஒட்டியிருந்தார். எடுத்துப் பார்த்தேன். ஓட்டையும் இல்லை, கறையும் இல்லை. சுத்தமான பீஸ்.

"அங்க கறுப்பா ஏதோ மெதக்குதுங்களே சார்" என்றார். பேசும்போது அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தது. பீஸை அப்படியே டேபிளில் போட்டேன். கம்பெனி வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் பார்த்தார். கருவியை வைத்துக் கண்ணுக்குள்ளும் பார்த்தார்.

"மாத்திரை போடறீங்களாம்மா?"

"போட்டுட்டுத்தானுங்க இருந்தேன். ஒரு மாசமா நிறுத்திப்போட்டனுங்க."

"யாரு நிறுத்தச் சொன்னாங்க?"

பாக்கியத்துக்கு என்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. நானே சொன்னேன்: "பேப்பர்ல புத்துநோய் ரெண்டு மடங்குன்னு வந்துதுங்க டாக்டர். நாந்தான் போர்டுல ஒட்டுனேன்."

"எதுல ரெண்டு மடங்குங்க?"

"கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்களே டாக்டர்" என்றேன்.

"பத்தாயிரம் பேர்ல ஒருத்தருக்கு வர்றது ரெண்டு பேருக்கு வந்தாலும் ரெண்டு மடங்குதான். நூறு பேர்ல பத்து, இருபது ஆனாலும் ரெண்டு மடங்குதான். இதுல எதுன்னு போட்டிருந்தாங்களா?"

"இல்லீங்க."

"பிரஷரைக் கவனிக்காம விட்டா கண்ணு, கிட்னி, மூளை எல்லாம் அடிபடும். அது எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய சங்கதி. அதனால முதல் பக்கத்துல வராது. இந்தம்மாவுக்குக் கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. பார்வை எந்தளவுக்குத் திரும்பும்னு இப்ப சொல்ல முடியாதுங்க."

செக்கிங் வேலைக்கு மூலதனமே கண்தான். பாக்கியத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் மட்டும் வேனில் திரும்பினேன்.

4. எண்ணிக்கை

அன்று சாப்பிட்ட பிறகு டிபன் பாக்ஸைச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோன ஏழாம் பக்கம் எங்கள் வீட்டுப் பழைய பேப்பர் கட்டில் கிடைத்தது. புளிசாத எண்ணெய் ஊறியிருந்த இடத்துக்குக் கீழே கடைசிப் பாராவில், அது மிக அரிதாக வரும் நோய் என்றும், டாக்டரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் இருந்தது. எத்தனையில் எத்தனை என்று மட்டும் அங்கேயும் இல்லை. தலைப்பு எழுதியவர் மேல் கோபம் வந்தது. "பாதியாகக் குறைந்தது" என்று எழுதி ஸ்வீட் பாக்ஸ் வாங்கியவன் யார் என்று நினைத்ததும் அடங்கிவிட்டது.

மறுநாள் போர்டில் இருந்ததைக் கிழித்துவிட்டு மறுப்பு ஒன்று ஒட்டினேன். ஒருவரும் படிக்கவில்லை. அதில் பயமுறுத்த ஒன்றும் இல்லையே! கடைசியில் டேபிள் டேபிளாக, மெஷின் மெஷினாகப் போய் நானே விசாரித்தேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பதினான்கு பேர். என் அம்பைப் பார்த்து நிறுத்தியவர்கள் ஐந்து பேர். என் சர்வீஸில் நான் எண்ணிய ரிஜெக்‌ஷனிலேயே இதுதான் மோசமானது. மற்ற நால்வரையும் அன்றே டாக்டரிடம் அனுப்பினேன்.

அப்புறம் பாக்கியத்தைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் சுற்றி வளைத்தேன். "நீங்களாவது என்னைக் கேட்டிருக்கலாமே பாக்கியம்மா? எல்லாத்துக்கும் எத்தனையில எத்தனைன்னு நான் கேக்கறதைத்தான் தினம் பாக்கறீங்களே" என்றேன்.

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"அதனாலதானுங்க கேக்கலை. நீங்க ஒட்டறீங்கன்னா, அதையெல்லாம் கேட்டுப்போட்டுத்தான் ஒட்டியிருப்பீங்கன்னு நெனச்சனுங்க. அம்பு வேற ஒட்டியிருந்தீங்களே."

முதல் நாள் முகத்தில் விழுந்த பனியன்கூட இவ்வளவு வலிக்கவில்லை. வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

இரண்டு மாதம் கழித்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாக்கியம் வேலைக்கு வந்தார். இடது கண் முழுதாகத் தெளியவில்லை. கறுப்புத் துணி அவரால் பார்க்க முடியாது. வெளிர் நிறம் மட்டும் கொடுத்தோம்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். மற்றவர்களிடம் நீங்கள் கேட்கும் கேள்வியை, உங்கள் கையால் ஒன்றை ஒட்டுவதற்கு முன் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டிருப்பீர்கள் என்று நம்பித்தான் மற்றவர்கள் கேட்காமல் இருக்கிறார்கள்.

நான் ரிட்டயர் ஆன பிறகும் 'எத்தனையில எத்தனை சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாக்கியம் மட்டும் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஒரு தடவை குத்திக்காட்டவாவது கூப்பிட்டால் தேவலை என்றிருக்கிறது.