முதலியன என்பதற்கு இடம் கொடாதவர்

பாறசாலையில் என் அச்சகத்து வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு லூர்து அந்தச் செய்தியைச் சொன்னாள். "அண்ணா, ஸ்டெல்லக்கா போயிட்டா கேட்டியளா. வெளுப்பாங்காலத்து நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா. ஆசுபத்திரிக்குக் கொண்டு போக ஜீப்பு வருமுன்னே எல்லாம் கழிஞ்சு." அவள் அழவில்லை. பாதி மீன் விற்காமல் கிடந்த கூடையை மறுபடியும் தலையில் ஏற்றிக்கொண்டு பொழியூர் பஸ்ஸுக்கு நடந்தாள். என் மேசைமேல் ஒரு கல்யாணப் பத்திரிகை பிழைதிருத்தக் கிடந்தது. அதில் மணமகள் பெயரை மூன்று முறை வாசித்தும் மனதில் ஏறவில்லை. கடையைச் சாத்தினேன்.

இந்த அஞ்சலியை வாசிக்கிற உங்களில் பாதிப் பேராவது ஸ்டெல்லக்காவிடம் ஏச்சு வாங்கியிருப்பீர்கள். நான் வாங்கியதற்குக் கணக்கே இல்லை. பொழியூர்க் கடற்கரைப் பெண்கள் சேர்ந்து நடத்திய மீன் ஊறுகாய்ச் சங்கத்துக்கு அவர் செயலாளர். அந்தக் குப்பிகளுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுத்தவன் நான். உறவு என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அந்த உள்ளங்கை அகலக் காகிதத்தை வைத்துக்கொண்டு நாங்கள் போட்ட சண்டையில் ஒரு தேர்தலே நடத்தியிருக்கலாம்.

முதல் சண்டை மீன் படத்தால் வந்தது. அப்போது என்னிடம் இருந்தது ஒரு நெய்மீன் பிளாக், படம் அச்சடிக்கிற கட்டை. ஏதோ ஓட்டல் நோட்டீசுக்காகச் செய்தது. வாலை வளைத்துத் துள்ளுகிற அழகான மீன். அதையே லேபிளில் போட்டுக் கொண்டு போய்க் காட்டினேன். அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மக்கா, இது நெய்மீனு. குப்பிக்குள்ள கெடக்கியது சூரை."

"படந்தானே அக்கா. ஆரு பாக்கப் போறா?"

"சூரைக்கு என்னலே கொறச்சல்? அதுக்கும் வாலு உண்டு."

திருவனந்தபுரத்துக்குப் போய்ச் சூரை மீனுக்கு ஒரு பிளாக் செய்து வந்தேன். போகவர பஸ் கூலியை அவர் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஏச்சு கிடைத்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பெரிய சண்டை வந்தது. பொட்டலத்திலும் குப்பியிலும் அடைத்து விற்கும் தின்பண்டங்களின் லேபிள் விதிகளை இறுக்கியிருந்தார்கள். உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறது என்று முழுவதும் சொல்ல வேண்டும், எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும், அடைத்த நாள் வேண்டும், எதுவரை தின்னலாம் என்பதும் வேண்டும். சங்கத்தின் ஊறுகாயை வாங்கிக்கொண்டிருந்தது திருவனந்தபுரத்தில் ஒரே ஒரு கூட்டுறவுக் கடை. அந்த மேனேஜர் எங்கள் லேபிளைத் திருப்பி அனுப்பிவிட்டார். "மீன், மிளகாய் வற்றல், இஞ்சி, பூண்டு, நல்லெண்ணெய் முதலியன" என்று தமிழிலும் மலையாளத்திலும் நான் அழகாகக் கோத்திருந்தேன். இரண்டு மொழியிலும் அந்த "முதலியன"வைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். லேபிள் சரியாகும்வரை ஒரு குப்பியும் எடுக்க முடியாது என்று எழுதியிருந்தார்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில்தான் கடல் ஏறி வந்து ஒரு வரிசை வீடுகளைக் கொண்டு போயிருந்தது. சங்கத்துப் பெண்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட வகுப்பறைகளில் குடியிருந்தார்கள். வள்ளமும் வலையும் போன வீடுகளில் ஊறுகாய்க் காசில்தான் அடுப்பு எரிந்தது. கிறிஸ்துமஸுக்கு என்று கடை பெரிய ஆர்டர் ஒன்று கொடுத்திருந்தது. குப்பிகள் நிரம்பி, மூடி போட்டு, லேபிளுக்காகக் காத்திருந்தன.

இந்த "முதலியன" நான் சும்மா போட்ட சொல் இல்லை. அதற்குள் பொழியூரே இருந்தது. அங்கே கல்யாண வீட்டுக்கு மீன்கறி வைக்கக் கூப்பிட்டாலும் ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டுப் பொடி ஒன்றை மடியில் முடிந்து வருவாள். கைப்பொடி என்பார்கள். கொதி வரும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு நுள்ளு போடுவாள். அது என்ன என்று கேட்பது புருஷனின் சம்பாத்தியத்தைக் கேட்பதைவிட மோசம். சங்கத்து ஊறுகாய்ப் பானையிலும் அப்படியே பத்துப் பன்னிரண்டு கைப்பொடிகள் விழுந்துகொண்டிருந்தன. ருசியாகத்தான் இருந்தது. உள்ளே இருப்பது என்ன என்று ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது.

நான் வழி சொன்னேன். "அக்கா, மசாலாப் பொருட்கள்னு ஒற்றை வார்த்தையில போட்டா விதி ஒத்துக்கிடும். பேரு பேரா எழுதணும்னு இல்ல."

"விதி ஒத்துக்கிடும் மக்கா. மடியில கெட்டிக்கொண்டு வாறது எல்லாம் மசாலாதான்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாதே" என்றார். மேனேஜரும் அதிகாரியும் திருப்தியானால் போதும் என்று நினைக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். குப்பியைத் திறந்து தின்னப் போகிற ஆளை நினைத்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் ஊறுகாய்க் கொட்டகையில் எல்லாரையும் கூட்டினார். நானும் லேபிள் மாதிரியோடு வாசலில் நின்றேன். அக்கா முதலில் தன்னுடையதைச் சொன்னார். "எனக்கது வறுத்த அரிசிப்பொடியாக்கும்." இத்தனை காலம் காத்த ரகசியத்தை இப்படித் தூக்கி வெளியில் போடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அடுத்துச் சொல்ல யாரும் முன்வரவில்லை. கைராசிக்காரி என்று கரை முழுக்கப் பெயர் வாங்கிய பிலோமினா எழுந்து நின்றாள்.

"எனக்க மாமியாரு சாகக் கெடக்கும்போ எனக்கு மட்டும் சொல்லித் தந்ததாக்கும். அது குப்பிக்க மேல எழுதி ஒட்டியதுக்கா? சொல்லியே தீரணும்னா நான் இனி வரல்ல. எனக்க கூட வாறவங்களும் வரல்ல."

சங்கம் அந்த நிமிஷத்தில் உடைந்தது என்றுதான் நினைத்தேன். அக்கா சத்தம் போடவில்லை, அதுவே அதிசயம். ஒரு பழைய சேலையை எடுத்து மூலையில் குறுக்கே கட்டினார். அதற்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "பாவசங்கீர்த்தனத்துக்குப் போறீளா இல்லியா? அதுபோல ஒவ்வொருத்தியா வந்து எனக்க காதில மட்டும் சொல்லுங்க. லேபிளில எல்லாம் கலந்து வரும், ஆருக்கது எதுன்னு ஒரு குஞ்சுக்கும் தெரியாது." எங்கள் சபையில் பாவத்தை நேரே கர்த்தரிடம்தான் சொல்வோம், நடுவில் ஆள் கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்கள் சிரிக்கவில்லை. முட்டாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கடைசியில் பிலோமினாவும் போனாள்.

திரையை விலக்கிக்கொண்டு வந்த ஸ்டெல்லக்காவின் முகம் கறுத்திருந்தது. "ஒருத்தி நிறப்பொடி போட்டிருக்கா. சந்தையில வாங்கினது. அது தின்னுகதுக்கு உள்ள சாதனமே இல்ல. ஆருன்னு கேக்கக்கூடாது. கேட்டது எனக்க வயித்துக்குள்ள இருக்கும். இந்தக் குப்பி ஒக்கக் களையணும்."

கொட்டகையில் எழுந்த கூச்சல் கடற்கரைவரை கேட்டிருக்கும். ஒருத்தியின் ஒரு நுள்ளுக்காக எல்லாருடைய உழைப்பையும் மண்ணில் போடுவதா என்று கேட்டார்கள். யார் என்று சொல் என்று தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தென்னைகளுக்கு நடுவே குழி தோண்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பார்த்து நின்றுவிட்டு மற்றவர்களும் குப்பிகளைத் திறந்து கொட்டினார்கள். அந்த மணத்தோடு எண்ணெய் மணலில் இறங்கியது.

பிறகு அவர் திருவனந்தபுரத்துக்குப் போய் மேனேஜரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஒரு சேர்மானம் சரியில்லை, எல்லாவற்றையும் களைந்துவிட்டோம், புதிதாகச் செய்து தருகிறோம் என்றார். மறைக்கத்தான் எல்லாரும் வருவார்கள், காட்டிக்கொள்ள வந்த முதல் ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, மேனேஜர் தவணை கொடுத்தார். இருந்த மீனை வாங்கி, இரவுபகல் பாராமல் அடுப்பில் நின்று, கிறிஸ்துமஸுக்கு முன்பு கொடுத்து முடித்தார்கள். அரிசிப்பொடி, கருப்பட்டி, குடம்புளி என்று லேபிள் நீண்டு போனதால் நான் எழுத்தின் அளவைக் குறைக்க வேண்டி வந்தது. ஊறுகாய் இம்முறை மங்கிய தவிட்டு நிறம். செயற்கை நிறம் இல்லை என்று பெரிதாக ஒரு வரி போடலாம் என்றேன். "இல்லாததை என்னத்துக்கு எழுதுகிய? உள்ளதை எழுது" என்றார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? யார் என்று சொல்லாததால் அது ஸ்டெல்லாவேதான் என்று சிலர் பேச ஆரம்பித்தார்கள். குளத்தங்கரையிலும் கோயில் முற்றத்திலும் பேசினார்கள். என் காதுக்கே வந்தபோது கோபம் தாங்காமல் பொழியூருக்குப் போய்க் கேட்டேன்.

"அக்கா, நீங்கதான் போட்டதுன்னு பறையுகாவ. ஆருன்னு சொல்லித் தொலைக்கக்கூடாதா?"

வலைக்கயிற்றைச் சுற்றிக்கொண்டே பதில் சொன்னார். "சொல்லட்டு மக்கா. நான் தாங்குவேன். அவ தாங்கமாட்டா." அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. அந்தப் பழி அவர் சாகும்வரை அங்கங்கே ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. சங்கம் உடையவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து மதிலோரம் சங்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் விடைபெறப் போனேன். பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, இனி மறைச்சு வச்சு என்ன? மாமியாரு சொன்னது கொடம்புளிப் பொடி மட்டுந்தான். நிறப்பொடி நானாட்டுச் சேத்தது. நம்ம குப்பி கடையில செவந்து நிக்கட்டுன்னு நினைச்சேன். எனக்க மேல வந்த பழிய எல்லாம் அவளாக்கும் சுமந்தா."

பக்கத்தில் இருந்த எமிலி, ஸ்டெல்லக்காவின் நாத்தனார், திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். "நீயா? அது நானில்லியா போட்டேன்? நான் மட்டுந்தான்னு நினைச்சில்லியா இத்தன காலமும் அவளுக்க மொகத்தைப் பாக்காம நடந்தேன்."

லூர்து தலை நிமிரவில்லை. "நானும்தான்" என்றாள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கட்டிக்கொண்டு அழுதார்கள். செய்தி சொல்ல வந்தபோது அழாத லூர்துதான் அதிகம் அழுதாள். இதை எழுதலாமா என்று பிறகு போய்க் கேட்டேன். பெயரோடு எழுதும் என்று மூவரும் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

மூன்று பேர் என்று அக்கா அன்று சொல்லியிருந்தால் மிச்சம் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள். ஆளுக்கு ஆள் சந்தேகம் பார்த்துச் சங்கம் சிதறியிருக்கும். திரைக்குப் பின்னால் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்துக்குள் அவர் இதை யோசித்து முடித்துவிட்டார். என்னிடம்கூட "அவ" என்றுதான் சொன்னார். ஸ்டெல்லக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒருமையைத்தான். ஒரு சூரை மீனை நெய்மீன் என்று காட்ட விடாத மனுஷி, எனக்குத் தெரிந்து சொன்ன ஒரே பொய் அது.