படிக்கட்டை மறித்த நாற்காலி

அந்தக் கட்டடத்தில் ஆறு வீடுகள். கீழே படிக்கட்டை ஒட்டிய வீடு கண்டக்டர் அக்காவுடையது. இருபது வருடமாகப் பேருந்தில் வேலை. அதிகாலை ஷிஃப்ட் முடிந்து மதியம் இரண்டரைக்கு வீடு திரும்புவாள். தனி ஆள். பேசினால் தெருமுனை வரை கேட்கும். தன் வீட்டுக்கு வருகிறவர்களிடம்கூட, "வாசல்ல நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்பாள். அது வரவேற்பா விரட்டலா என்று புதிதாக வந்தவர்களுக்குப் பிடிபடாது.

மூன்றாம் மாடியில் அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒருவரும் அவர் மனைவியும் நாலரை வயது மகளும் இருந்தார்கள். மகள் பிறந்தபோது கையில் வாங்கிய கண்டக்டர் அக்கா, "இவ்வளவுதானா? சில்லறை மாதிரி இருக்கா" என்று சொல்லப்போக, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சில்லறைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. எங்கும் விழாமலே கால்களில் நீலத் திட்டுகள் தெரிந்தன. ரத்தப் புற்றுநோய் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஐந்து வாரம் அங்கேயே வைத்து மருந்து ஏற்றிப் பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறிய அப்பா, கண்டக்டர் அக்காவைப் பார்த்து நின்றார். "வெள்ளை அணு ரொம்பக் குறைஞ்சிருக்குக்கா. சின்னதா சளி பிடிச்சாக்கூட ஆபத்தாம். யாரும் மேல வராம கொஞ்சம் பாத்துக்கங்க."

சொன்னதுதான் தாமதம். மறுநாள் மதியமே படிக்கட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி குறுக்கே விழுந்தது, அதில் கண்டக்டர் அக்கா.

முதலில் மாட்டிக்கொண்டவள் எதிர்வீட்டுத் தையல்காரி. கையில் மூடிய பாத்திரம்.

"எங்க?"

"மேலதான். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"மேல இடமில்ல."

"என்னக்கா, இதென்ன பஸ்ஸா?"

"பஸ்ஸா இருந்தா தொங்கிட்டு வான்னு விட்டிருப்பேன். பாத்திரத்தக் குடு, சேத்துடறேன்."

அடுத்த வாரம் குழந்தையின் பெரியம்மா இரண்டு பேருந்து மாறி, சொல்லாமல் வந்து நின்றாள். "நான் அவ கூடப் பொறந்த அக்கா" என்றாள். "நீங்க அவளுக்கு மட்டும் அக்கா. நான் இந்தக் கட்டடத்துக்கே அக்கா" என்று பையை வாங்கிக்கொண்டாள் கண்டக்டர் அக்கா. பெரியம்மா கொஞ்ச நேரம் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

வந்ததையெல்லாம் மூன்றாம் மாடிக் கதவருகே வைத்து, மணியடித்துவிட்டு, நாலு படி இறங்கி நின்றுகொள்வாள். கதவு திறக்கும். ஒரு கை வரும். "எல்லாம் சரியா இருக்கா?" "இருக்குக்கா." அவ்வளவுதான் பேச்சு. நாள் முழுக்க நெரிசலில் எத்தனையோ பேர் மூச்சுக்கு நடுவில் நின்றுவிட்டு வருகிறவள். எல்லாரையும்விடத் தானே ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். உள்ளே சில்லறையின் குரல் கேட்டால் கேட்டுவிட்டு இறங்கிவிடுவாள். இதைத் தியாகம் என்றால் மிகை. தெரிந்த வேலையைச் செய்தாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், அப்பா வேலையிலிருந்து வந்து குழந்தையோடு இருந்த நேரத்தில், அம்மா குப்பைப் பையோடு இறங்கி வந்தாள். பையைப் போட்டுவிட்டு மேலே போகாமல் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். தலை வாரி இரண்டு நாளாவது ஆகியிருக்கும்.

"எங்க அக்கா வந்தாளாமே. இப்பதான் போன்ல சொன்னா."

"வந்தாங்க. பையைக் குடுத்தேனே."

"பை வந்துச்சு. அவ வரல."

கண்டக்டர் அக்கா நிமிர்ந்தாள். "யாரும் வரக்கூடாதுன்னு உன் வீட்டுக்காரர்தானே சொன்னாரு?"

"அவர் பயத்துல சொல்லியிருப்பாரு. சளி, காய்ச்சல் இருக்கறவங்க வேண்டாம், கூட்டம் வேண்டாம், இதான் நர்ஸ் சொன்னது. நல்லா கை கழுவி, மாஸ்க் போட்டு, ஒவ்வொருத்தரா வரலாம்."

"அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"யார்கிட்ட? நீங்க மணியடிச்சிட்டு ஓடிடறீங்க." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பாத்திரம் பாத்திரமா வருது, மூஞ்சி ஒண்ணுகூட வரல. ஒட்டிக்கிற நோய்னு நெனச்சு ஒதுங்கறாங்களோன்னு இருந்தேன். எங்க அக்காகூடவான்னு நெனச்சேன். அவர் வந்தா மருந்து, மாத்திரை, காய்ச்சல் எவ்வளவு, இதான் பேச்சு. எனக்குப் பேசறதே மறந்துடும் போல."

வாசலைக் காக்கிறவர்களுக்கு வீடு முதுகுப் பக்கம் இருக்கிறது. உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க அந்த வேலையில் இடமில்லை. கண்டக்டர் அக்கா இப்படி யோசிக்கிறவள் அல்ல. அவளுக்குத் தோன்றியதை அவள் பாஷையில் சொன்னாள்.

"ஏற வந்தவங்கள நிறுத்தினேன். இறங்க வேண்டியவ ஒருத்தி உள்ள நிக்கறான்னு பாக்கல. என் தப்புதான்மா."

"நான் எங்கயும் போகணும்னு இல்லக்கா. இப்படி உக்காந்து ஏதாவது பேசணும். ஊர் வம்பா இருந்தாக்கூடப் போதும்."

"அதுக்கா இங்க பஞ்சம்?"

வியாழக்கிழமை கண்டக்டர் அக்காவுக்கு வார விடுமுறை. புதன்கிழமையிலிருந்தே தொண்டையைக் கனைத்துக் கனைத்துப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் குளித்து, துவைத்த துணி உடுத்தி, முழங்கை வரை சோப்புப் போட்டு, மாஸ்க்கோடு நாலு மணிக்குப் படியேறினாள். மணியடித்தாள். இந்த முறை இறங்கவில்லை. அம்மா தானும் ஒரு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, "அரை மணி நேரம்தான்" என்று சொல்லிக் கீழே போனாள். அங்கே அவள் அக்காவும் தையல்காரியும் காத்திருந்தார்கள்.

சில்லறை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தலையில் ஒரு முடி இல்லை.

"யாரு?"

"யாருன்னு சொல்லு பாப்போம்."

"கண்டக்டர் அக்கா. ஏன் இத்தனை நாள் வரல?"

"பயம்."

"எனக்கா பயப்படறே?"

"ஆமா. நீ பெரிய ரவுடி ஆச்சே."

சில்லறை இதை ஏற்றுக்கொண்டாள். பிறகு தலையைத் தடவிக் காட்டினாள். "முடி போச்சு."

"பாத்தேன். நல்ல வட்டமான தலை. இத்தனை நாள் மறைச்சு வெச்சிருந்தியே."

கீழேயிருந்து பேச்சுச் சத்தம் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. முதலில் தாழ்ந்த குரலில். நடுவில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மறுபடி பேச்சு. திடீரென்று ஒரு சிரிப்பு.

"அம்மா," என்றாள் சில்லறை. "எதுக்கு சிரிக்கறா?"

கண்டக்டர் அக்கா காது கொடுத்தாள். "தையல்காரி தலைக்கு சோப்பு போட்டிருக்கும்போது குழாய்ல தண்ணி நின்னுபோச்சாம். கண்ண மூடிக்கிட்டே கத்தினாளாம்."

சில்லறையும் சிரித்தாள். சிரித்த களைப்பில் சாய்ந்து படுத்தாள். "அம்மாவக் கூப்பிடவா?" என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

சொன்ன அரை மணி எப்போதோ முடிந்திருந்தது. அடுத்த மருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கண்டக்டர் அக்கா எழுந்து போய், ஒருக்களித்திருந்த கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள், சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று.